கல்லில் நிற்கிறாள், பெயர் எங்கே?

மாமல்லபுரத்துக் குன்றின் மேற்குச் சரிவில் ஆதிவராகர் குடைவரை இருக்கிறது. இன்றும் பூசை நடக்கும் கோயில் என்பதால் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடும் கூட்டம் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளே எதிரெதிராக இரண்டு அரச குடும்பச் சிற்பங்கள். ஒன்றில் அரசர் உட்கார்ந்திருக்கிறார், இரு பக்கமும் இரண்டு அரசிகள் நிற்கிறார்கள். மற்றொன்றில் அரசர் நின்றபடி ஓர் அரசியின் கையைப் பிடித்திருக்கிறார், கூடவே இன்னோர் அரசி நிற்கிறார். அரசர்கள் இருவருக்கும் மேலே பல்லவ கிரந்த எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரர்.

அரசிகள் நான்கு பேருக்கும் பெயர் இல்லை.

இது எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரர் என்று வரலாற்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தைப் பொறுத்துக் குடைவரையின் காலமே முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த நான்கு பெண்கள் யார் என்று வாதிடுவதற்கு ஒரு பிடிமானமும் கிடையாது. இடுப்பு வளைவு, மகுடம், காதணி, நிற்கும் நளினம் எல்லாவற்றையும் செதுக்கிய உளி, மூன்றெழுத்துப் பெயர் ஒன்றைச் செதுக்க மறந்துவிட்டது. மறந்ததா, தேவையில்லை என்று நினைத்ததா?

நம் நாட்டில் பார்க்க வேண்டிய அழகான பழைய ஊர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் மாமல்லபுரம் இருக்கும். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம், கல்யாணமான புதிதில் பார்த்திருப்போம், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு போயிருப்போம். ஒவ்வொரு முறையும் வழிகாட்டி சொன்னது ராஜாக்களின் கதை. முதலாம் மகேந்திரவர்மன், அவன் மகன் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன், பிறகு கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன். அப்பா, மகன், பின்வந்த வழித்தோன்றல். இந்த ஊருக்கு இன்னொரு முறை போகலாம், தோழிகளே. இந்த முறை கேள்வி ஒன்றுதான். இந்தக் கரையில் எந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது, எதனால் கிடைத்தது? பாதை மாமல்லபுரத்தில் தொடங்கி, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் முடிகிறது.

சுமை தூக்கும் பெண்கள்

அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் ஒரு கையால் தூக்கிப் பிடிக்க, ஆயர்பாடி முழுக்க அதன் கீழே ஒதுங்கியிருக்கும் காட்சி. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் சேர்த்தது. சிற்பம் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கண்ணனிடமிருந்து கண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்குகிறது. பானைகளும் சுமையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். பிள்ளையோடு நிற்கிறாள் ஒருத்தி. மலையே பெயர்ந்து தலைக்கு மேலே நிற்கும்போதும் பானையைக் கீழே வைக்க மனம் வராத பெண்கள்!

ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி இவர்களை எங்கே பார்த்திருப்பான்? புராணத்தில் அல்ல. தன் ஊர்த் தெருவில், தன் வீட்டு வாசலில் பார்த்திருப்பான். பல்லவர் காலத்துச் சாதாரணப் பெண்ணின் உடம்பு எப்படிச் சுமை தூக்கியது, எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் குறைவு. இன்றைக்கும் இந்தக் கரையோரக் குப்பங்களில் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும் பெண்ணின் கழுத்து நிமிர்வு அப்படியே இருக்கும்.

இவர்களுக்கும் பெயர் இல்லை. அரசிகளுக்கே இல்லாதபோது ஆய்ச்சியருக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அரசிக்கு அரண்மனைச் சோறு இருந்தது, பெயர் இல்லை. ஆய்ச்சிக்கு உழைப்பு இருந்தது, பெயர் இல்லை. இருவரிடமும் இல்லாமல் போனது என்ன என்பதைக் கொஞ்ச தூரம் போன பிறகு பார்க்கலாம்.

கொற்றவைக்கு எத்தனை வீடு!

அதற்கு முன்பு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். “மாமல்லபுரத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்லலாம்? எங்கு திரும்பினாலும் துர்க்கைதானே?” என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். மகிடாசுரமர்த்தினி குடைவரையில் எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் ஏறி, வில்லை இழுத்து அம்பு தொடுக்கிறாள். எதிரே எருமைத் தலை அசுரன் கதையைப் பிடித்தபடி பின்வாங்குகிறான். அவள் படையில் வாளேந்திய பெண் ஒருத்தியும் சண்டையிடுகிறாள். இதற்கு நேர் எதிர்ச் சுவரில் பாம்பணையில் திருமால் படுத்திருக்கிறார். ஒரு சுவரில் உறக்கம், மறு சுவரில் போர். போர் செய்பவள் பெண்.

கோடிக்கால் மண்டபத்தின் வாசலில் ஆயுதம் ஏந்தி நிற்பவர்கள் பெண் வாயிற்காவலர்கள். கடற்கரைக் கோயிலருகே ஒரு கல் சிங்கத்தின் மார்பைக் குடைந்து அதற்குள் துர்க்கையைச் செதுக்கியிருக்கிறார்கள். சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரைக்கு எதிரே உள்ள பாறையிலும் அவள்தான்.

ஐந்து ரதங்களில் ஆகச் சிறியது திரௌபதி ரதம். கூரை வேய்ந்த குடிசை போன்ற வடிவம். ஊர் நம் பாரதக் கதையைப் பொருத்திப் பார்த்து, அண்ணன் தம்பி ஐவரோடு ஒரு மனைவியையும் சேர்த்து, சின்ன வீட்டை அவளுக்கு ஒதுக்கிவிட்டது. உண்மையில் உள்ளே நிற்பவள் யாருடைய மனைவியாகவும் அங்கே நிற்கவில்லை. கருவறைச் சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் ஒரு வீரன் தன் தலையைத் தானே அரிந்து பலி தர முனைகிறான். வாசலின் இரு பக்கமும் பெண் காவலர்கள். தனியாக, தன் காவலோடு, தன் வாகனமான சிங்கத்தை வெளியே நிறுத்திவிட்டு வாழும் ஒருத்தியின் வீட்டுக்கு, நாம் வைத்த பெயர் ஐவரின் மனைவி பெயர். பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் பார்வையில்தான் வீடுகூட அடையாளம் பெறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இத்தனை துர்க்கைகளைச் செதுக்கிய காலத்தில்தான் அந்த நான்கு அரசிகளும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். தெய்வத்துக்குக் கிடைத்த இடம் பெண்ணுக்குக் கிடைத்த இடமல்ல. நவராத்திரிக்குக் கொலு வைத்துவிட்டு மருமகளை அதட்டும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியும் அல்ல.

பெயர் கிடைத்த இருவர்

அப்படியானால் பல்லவ நாட்டில் பெயரோடு நிற்கும் பெண்ணே இல்லையா? இருக்கிறார்கள். ஒருத்தியைப் பார்க்கத் தலைநகரான காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன் கட்டியது அங்குள்ள கைலாசநாதர் கோயில். கோயிலின் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள். அவற்றில் ஒன்றைக் கட்டியவள் அவன் அரசி ரங்கபதாகை. கல்வெட்டே சொல்கிறது. ‘பதாகை’ என்றால் கொடி. பெண்குலத்தின் கொடி போன்றவள் என்று அவள் பெயரை வைத்தே நயம் பேசுகிறது அந்த வடமொழிக் கல்வெட்டு. கணவனைச் சார்ந்த புகழ்ச்சியும் அதில் உண்டு. ஆனாலும் ‘கட்டுவித்தாள்’ என்ற வினைக்கு எழுவாய் அவள்தான்.

இன்னொருத்தி அரசியல்ல. அவளைப் பார்க்க மாமல்லபுரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து, கல்வெட்டுள்ள பாறை ஒன்றை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறை 2005இல் தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. அடியில் பழைய செங்கல் கட்டுமானம், மேலே பிற்காலக் கற்கட்டுமானம். சுடுமண் பலகை ஒன்றும் கிடைத்தது. அதில் கைகோத்து ஆடும் கூட்டம். குரவைக் கூத்து என்று அடையாளம் காண்கிறார்கள். கூடவே கொடைகளைச் சொல்லும் கல்தூண்கள். அவற்றில் ஒன்று, வசந்தனார் என்ற பிராமணப் பெண் கோயிலில் விளக்கு எரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்ததைச் சொல்கிறது.

கழஞ்சு என்பது சுமார் 5 கிராம். 16 கழஞ்சு என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ பத்துப் பவுன். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் மகளுக்குப் போடும் நகை அளவு! அந்தக் காலத்தில் விளக்குக் கொடை நடந்த விதம் இதுதான்: பொன்னை ஊர்ச் சபையிடமோ கோயிலாரிடமோ ஒப்படைப்பார்கள். முதல் கரையக் கூடாது, அதன் வட்டியில் நெய்யோ எண்ணெயோ வாங்கி விளக்கு எரிய வேண்டும். ஆடுகளாகக் கொடுப்பதும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்பது வழக்கமான கணக்கு. அவை ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு செத்தாலும் குட்டியால் எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொருள். கொடுத்தவர் இறந்த பிறகும் கொடை நடக்க வேண்டுமானால் கொடுத்தவர் யார், எவ்வளவு, எதற்கு என்று கல்லில் வெட்டியே ஆக வேண்டும். அது பக்தியின் பதிவு மட்டுமல்ல, பத்திரம்.

இப்போது அந்த முடிச்சு அவிழ்கிறது. கோயிலுக்குள் அழகாக நின்றதற்காக எந்தப் பெண்ணுக்கும் பெயர் கிடைக்கவில்லை. ரங்கபதாகைக்குச் செலவழிக்கக் கருவூலம் இருந்தது. வசந்தனாரிடம் தன் விருப்பப்படி எடுத்துக் கொடுக்கப் பொன் இருந்தது. சொத்து கைமாறும்போது பெயர் எழுதப்படுகிறது. சொத்தில்லாதவளுக்குக் கைமாற்ற ஒன்றுமில்லை, ஆகவே எழுதவும் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய பெண் பெயர்ப் பட்டியலும் இதையே சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயர், வந்த ஊர், தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. காரணம், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு நெல் ஒதுக்கப்பட்டது. பங்கு இருந்ததால் பெயர் இருக்கிறது. அந்தப் பங்கோடு கோயிலுக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கையும் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வசந்தனாரின் சாதியையும் நாம் தாண்டிப் போக முடியாது. கையில் பொன் வைத்திருக்கவும், அதைக் கோயிலில் கொடுக்கவும், அந்தத் தூணருகே போகவும் எல்லாப் பெண்களுக்கும் வழி இருந்ததில்லை. கல்வெட்டில் ஏறிய பெயர்களின் பட்டியல், ஏற முடியாதவர்களின் சாதியையும் சேர்த்தே சொல்கிறது.

நூல் நூற்றவர்கள்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் கல்பாக்கத்தை அடுத்து சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் வாயில் ‘சத்ராஸ்’ ஆன ஊர். கடலைப் பார்த்தபடி அவர்களுடைய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. உள்ளே கல்லறைகள். குடும்பச் சின்னமும் பெயரும் எழுத்தும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தது துணிக்காக. சோழமண்டலக் கரையின் துணி தென்கிழக்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. சத்ராஸின் மெல்லிய துணி பேர்போனது.

ஒரு தறி ஓட நூல் வேண்டும். அந்த நூலை ராட்டையில் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கைம்பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே சோறு. நெய்தவர் பெயராவது கம்பெனிக் கணக்கில் முன்பணம் வாங்கியவராக எங்காவது இருக்கும். நூற்றவள் பெயர் எங்கும் இல்லை. கடல் கடந்து வந்து காய்ச்சலில் இறந்த வணிகனுக்குக் கல் இருக்கிறது. அவனைப் பணக்காரனாக்கிய நூலுக்கு ஆளில்லை. கோட்டையைப் பார்க்கும்போது அந்த ராட்டைகளின் சத்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

கன்னியம்மாவின் கரை

மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் போனால் வேறோர் ஊரைப் பார்க்கலாம். வட மாவட்டங்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் இரவு தங்குவார்கள். விடியலில் மணலைக் குவித்துப் படி கட்டி, கன்னியம்மாவுக்குப் பூசை வைப்பார்கள். அருள் வந்து குறி சொல்வார்கள். பெண் பார்ப்பதும், நிச்சயமும், கல்யாணமும் அங்கேயே நடக்கும். பல்லவர் கல் கோயிலுக்குப் பக்கத்தில், அடுத்த அலைவரை மட்டும் நிற்கும் மணல் கோயில்.

இருளர்களின் காடு போனது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வருமானமும் போனது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷம் எடுத்துக் கொடுக்கும் தொழிலாக அது மாறியது. பெண்களும் அதில் உறுப்பினர்கள். திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் 1986 முதல் இருளர் பழங்குடிப் பெண்களின் சங்கம் மூலிகை அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு இயங்குகிறது. இன்னொரு பக்கம், செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்படும் குடும்பங்களில் இருளர்கள் இன்றும் கணிசம். முன்பணம் வாங்கியவன் பெயரில் கணக்கு, உழைப்பது குடும்பம் முழுக்க.

2021இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டு தீபாவளியன்று, நவம்பர் 4ஆம் தேதி, முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கினார். ஒரு வேளைச் சோற்றில் தொடங்கிய பேச்சு பட்டாவில் போய் நின்றது தற்செயல் அல்ல. மனைக்குக் காகிதம் இல்லாதவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது எளிது.

செங்கல்பட்டு, 1929

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்தால் செங்கல்பட்டு. செங்கழுநீர்ப்பட்டு என்பது மருவியது என்பார்கள். ரயிலிலிருந்து பார்த்தால் கொளவாய் ஏரி, ஊருக்குள் விஜயநகர காலக் கோட்டையின் மிச்சம். 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரமானது. சுற்றுலா ஊர் என்று யாரும் சொல்வதில்லை, ரயில் மாறும் ஊர் என்பார்கள். ஆனால் நாம் கேட்டு வந்த கேள்விக்குப் பதில் பேசப்பட்ட ஊர் இது.

இந்த மாவட்டத்துக்கு நிலக் கேள்வி பழையது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் மண்கூடத் தங்களுடையதாக இல்லாத மக்கள் எப்படி எதிர்த்துப் பேச முடியும் என்பதே அதன் சாரம். அதன் விளைவாக ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவைதாம் பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப்போனது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். நிலம் என்பது இந்த ஊரில் வெறும் மண்ணாக இருந்ததே இல்லை.

இந்த ஊரில்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். பெண்களைப் பற்றிய தீர்மானங்களைப் படித்தால், மாநாடு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும். எந்தத் தொழிலும் செய்யும் உரிமை வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் வேலையை இயன்றவரை பெண்களுக்கே தர வேண்டும். பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும். துணையைத் தானே தேர்ந்தெடுக்கவும், ஒத்துவராதபோது பிரியவும் உரிமை வேண்டும்.

தீர்மானங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சொத்து, வேலை, வயது, துணை, பிரிவு. ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்காது. போக இடமும் கையில் காசும் இல்லாதவளுக்கு விவாகரத்து உரிமை இருந்து என்ன பயன்? பன்னிரண்டு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்கு எந்தத் தொழில் உரிமை? முதலில் பெயரிலிருந்து சாதியை எடு, பிறகு பத்திரத்தில் பெண்ணின் பெயரை எழுது என்று இரண்டு பக்கமிருந்தும் பெயரைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.

அறுபது ஆண்டு நடை

தீர்மானம் எழுத இரண்டு நாள் போதும். சட்டமாக எத்தனை நாள் ஆகும்?

திருமண வயதை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கேட்டது 16. அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் கொடுத்தது 14. 1949இல் அது 15 ஆனது. 1978இல் 18 என்று சட்டம் வந்தபோதுதான் செங்கல்பட்டைத் தாண்ட முடிந்தது. ஒரு பெண் பிறந்து பாட்டியாகும் காலம்.

சொத்துரிமை இன்னும் மெல்ல நடந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு வாழும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தந்தது, விற்கவோ விருப்பம்போலக் கொடுக்கவோ அல்ல. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை மகன்களோடு நிறுத்திக்கொண்டது. 1986இல் ஆந்திரம் அதைத் திருத்தியது. தமிழ்நாடு 1989இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது திருத்தியது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அப்போது சரியாக 60 வயது. அதிலும் ஒரு வாசல் அடைத்தே இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே மணமான மகள்களுக்கு அந்தப் பங்கு இல்லை. கல்யாணமாகிப் போனவள் அடுத்த வீட்டுக்காரி என்ற பழமொழிக்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. 2005இன் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அந்த ஆண்டில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இன்னும் ஒரு வாசல் அப்படியே இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மாசி மகத்துக்கு அந்தக் கரையில் கூடும் இருளர் பெண்கள், செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து வளர்ந்து வந்த இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியேதான் இன்றும் நிற்கிறார்கள்.

கையெழுத்து

சட்டத்துக்கு உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறோம்? அப்பா இறந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கிய பிறகு, ஒருநாள் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். “ஒரு கையெழுத்துதாம்மா, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்.” சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, பிறந்த வீட்டு உறவு வேண்டாமா, நாளைக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வார்கள் என்று அம்மாவே எடுத்துச் சொல்வார். பெருவிரல் ரேகை வைத்து, படம் எடுத்து, கையெழுத்தும் போட்டால் முடிந்தது. தன் பெயரை எழுதித் தன் பெயரை நீக்கும் பத்திரம் அது. ஆதிவராகர் குடைவரையில் வேறு யாரோ எழுதாமல் விட்டார்கள், இங்கே நம் கையாலேயே அழிக்கிறோம்.

சகோதரர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று சொல்ல வரவில்லை. உறவைக் காப்பாற்றும் செலவு எப்போதும் ஏன் பெண் கணக்கிலேயே எழுதப்படுகிறது என்பதே கேள்வி. பங்கைக் கேட்டால் பிறந்த வீடு போய்விடும் என்று பயப்படும் பெண்ணுக்கு, அந்த வீடு எப்போதோ போய்விட்டது. வாசல் மட்டும்தான் திறந்திருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழ்நாடு அரசு. இதனால் சில பத்திரங்களில் பெண் பெயர் ஏறும். பெயர் மட்டும் அவளுடையதாகவும் முடிவு வேறு யாருடையதாகவும் இருக்கும் பத்திரங்களும் அவற்றில் இருக்கும். வசந்தனார் தூணில் இருப்பது பெயர் மட்டுமல்ல. இந்தப் பொன்னை இதற்குக் கொடுக்கிறேன் என்று அவள் எடுத்த முடிவும் அதில் இருக்கிறது.

ஆகவே மாமல்லபுரத்துக்குப் போய்வாருங்கள், தோழிகளே. பெண்களாகச் சேர்ந்து போங்கள். கடற்கரைக் கோயிலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிருஷ்ண மண்டபத்தில் பானை சுமக்கும் பெண் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆதிவராகர் கோயில் திறந்திருந்தால் அந்த நான்கு பேரையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாளுவன்குப்பத்தில் வசந்தனாரைக் கேட்டுப் பாருங்கள். திரும்பும்போது செங்கல்பட்டு வழியாக வாருங்கள், 1929இன் மாநாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.